பூ கேட்ட காம்பவுண்டு

"அபயம் வந்தா காப்பாத்துமா, இல்ல புடிச்சுட்டுப் போயிருமாம்மா?"

மிதுனா இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. கன்னத்துக்குள் தோசைத் துண்டு உப்பியிருந்தது. எதிர் வரிசை வீட்டில் ஒரு தாய் தன் பையனை, "திங்கறயா, அபயத்துக்குப் போன் போடட்டுமா?" என்று மிரட்டிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுத்தான் குழந்தைக்குச் சந்தேகம் வந்தது. அம்மா வாணி அடுத்த துண்டைப் பிய்த்தாள். இரண்டும் உண்மைதான் என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

அபயம் என்றால் அஞ்சாதே என்று பொருள். கோயிலில் சாமி உள்ளங்கையைக் காட்டி நிற்பது அதற்காகத்தான். அந்தச் சொல்லுக்குப் பயந்து குழந்தைகள் சோறு விழுங்கும் காலம் வரும் என்று அவசர உதவி வண்டிக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

மூச்சுக்காய்ச்சல் மூன்றாம் முறையாகப் பரவியபோது அரசாங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரே சுவருக்குள் பல வீடுகள் இருக்கும் இடங்களில் எல்லாம் வாசற்கதவில் ஓர் இரும்புத் தாழைப் பொருத்தினார்கள். உள்ளிருந்து யாராவது அவசர உதவிக்கு அபயத்தை அழைத்தால், வண்டி புறப்படும்போதே தாழ் தானாக விழுந்துவிடும். கூப்பிட்ட வீட்டில் நோய் இருக்கிறது, ஆகவே அந்த வாசலை அடைத்தால் நோய் அங்கேயே நிற்கும் என்பது கணக்கு. வாசல் தூணில் ஒரு சிறிய கருவியும் இருந்தது. ஜனங்கள் அதற்குக் 'காது' என்று பெயர் வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பவர்கள் இருமும் சத்தத்தை அது கேட்டுக்கொண்டே இருக்கும். இருமல் அடங்கி, தொடர்ந்து பல நாள் அடங்கியே இருந்தால்தான் தாழ் மேலே ஏறும்.

மற்ற ஊர்களில் இது எப்படியோ, திருப்பூரில் இருமாதவர் யார்? பனியன் துணி வெட்டுகிற இடத்திலும் தைக்கிற இடத்திலும் பஞ்சுத் தூசி பனிபோல மிதக்கும். பிறந்த குழந்தையே இருமும். காதுக்குப் பஞ்சு இருமலுக்கும் காய்ச்சல் இருமலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்துக் காம்பவுண்டில் ஒருத்திக்குப் பிரசவ வலி வந்து அபயத்தைக் கூப்பிட்டார்கள். சித்திரையில் விழுந்த தாழ் ஆனியில்தான் எழுந்தது. வெளியே வந்தவர்கள் பாதிப் பேர் வேலை போய், ஊரை விட்டே போனார்கள்.

ஆகவே வாணி குடியிருந்த சென்னியப்பன் காம்பவுண்டில் ஒரு கட்டுப்பாடு உண்டாயிற்று. நடுவில் முற்றம், இரு பக்கமும் வரிசை வீடுகள், முன்பக்கம் சென்னியப்பனின் பவர்டேபிள். பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் கூடத்தை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் அதில்தான் வேலை. தாழ் விழுந்தால் துணி உள்ளே வராது, தைத்தது வெளியே போகாது, எல்லா அடுப்பும் ஒன்றாக அணையும். ஆகவே, அபயத்தைக் கூப்பிடுவதற்கு முன் முற்றத்து வேப்பமரத்தடியில் இருக்கும் காவல் சாமி கருப்பராயனிடம் பூ கேட்க வேண்டும் என்று சென்னியப்பன் சொன்னார். எல்லோரும் சரி என்றார்கள்.

பூ கேட்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பெண் பார்ப்பதற்கும் கிணறு வெட்டுவதற்கும் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் என்று வாழையிலையில் மடித்துச் சாமி காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. விளக்கு வைக்கும் நேரத்தில் அப்படியே கிணற்றில் போட்டுவிடுவார்கள்.

வாணியின் கணவன் நாச்சிமுத்து கட்டிங் மாஸ்டர். அன்று காலை வெட்டு மேசையில் துணியை விரித்துக்கொண்டிருந்தவனின் வலக்கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தான். மறுபடியும் நழுவியது. அவன் சிரித்தான். சிரிப்பு முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் வந்தது.

அயர்ன் போடும் ராசு அதைப் பார்த்துவிட்டு, "என்னங் மாஸ்டரு, காலங்காத்தாலயே கண்ணடிக்கறீங்க?" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாச்சிமுத்து பதில் சொல்ல வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. ஏதோ கூழ்போல ஒரு சத்தம் வந்தது. பிறகு ஸ்டூலிலிருந்து மெல்லச் சரிந்தான்.

செக்கிங் மேசையிலிருந்து வாணி ஓடி வந்தாள்.

"ஏனுங், என்னாச்சுங்? இங்க பாருங்க!"

"ஒம்மில்ல" என்றான் அவன். ஒன்றுமில்லை என்றுதான் சொல்கிறான் என்பது அவளுக்கு மட்டும் புரிந்தது.

சென்னியப்பன் வந்து நின்றார். "காலைல என்ன தின்னாப்ல?"

"தோசைங் அண்ணா."

"வாயுவா இருக்கும். பெருங்காயத்தக் கரைச்சுக் குடு. சித்த நேரத்துல எந்திரிச்சுக்குவாப்ல."

"வாயி கோணுதுங்களே."

"வாயு வாயிக்குத்தான் வரும், பின்ன காதுக்கா வரும்?" என்றான் ராசு. இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

வாணி எழுந்து நின்றாள். "நான் அபயத்தக் கூப்புடறனுங்க."

கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த அமைதிக்கு ஒரு முகம் இருந்தது. அது நல்ல முகம் அல்ல. நேற்றுவரை ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள், ஒருவர் வீட்டுக் குழம்பை ஒருவர் வாங்கித் தின்றவர்கள், வாணியைச் சுற்றி நின்றார்கள்.

"அம்மிணி, கப்பலுக்குப் போற துணி இது. தெரியுமல்ல?"

"உன்ற புருசனுக்கு ஏப்பம் வந்ததுக்கு எங்க வயித்துல அடிப்பியா?"

"நான் ஆட்டோல கூட்டிட்டுப் போறனுங்க. வாசத் தாண்டிப் போய்க் கூப்புடறனுங்க" என்றாள் வாணி.

"எந்த ஆஸ்பத்திரியில உடுவான்? அபயத்துல வந்தாத்தான் உள்ள. நீ நடு ரோட்டுல நின்னு கூப்புட்டாலும் உன்ற கார்டு இங்கதான பதிஞ்சிருக்குது? இந்த வாசல்லதான் தாழ் உழுகும்" என்றார் சென்னியப்பன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் கூப்புட வேண்டாங்கல. கட்டுப்பாடு என்ன? பூக் கேக்கலாம். சாமி குடுத்துதுன்னா நானே கூப்புடறேன்."

வாணி ஒப்புக்கொண்டாள். அத்தனை பேரை எதிர்க்கப் பயம் என்பது ஒரு காரணம். கருப்பராயன் தன்னைக் கைவிட மாட்டான் என்று அவள் உண்மையாகவே நம்பினாள் என்பது இன்னொன்று. வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த மரத்தடியைக் கூட்டிக் கோலம் போடுகிறவள் அவள்.

பொட்டலம் மடிக்கும் வேலை எப்போதும் துளசிமணியுடையது. வாணிக்கு அடுத்த வீடு. கணவனை இழந்தவள். ஒரே மகளைக் காங்கேயத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். மகளுக்கு அது நிறைமாதம், தலைப்பிரசவம், பார்க்க ஆள் இல்லை. மறுநாள் கிளம்புவதற்காகத் துளசிமணியின் பை கட்டித் தயாராக இருந்தது.

"பாத்து மடிச்சுட்டு வா, துளசி" என்றார் சென்னியப்பன். வேறு எதுவும் சொல்லவில்லை.

துளசிமணி வீட்டுக்குப் பின்னால் இருந்த அரளிச் செடிகளிடம் போனாள். வரும்போது கையில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. யாரையும் பார்க்காமல் அவற்றைச் சாமி காலடியில் வைத்தாள்.

மிதுனாவை நிறுத்தினார்கள். "அப்பனுக்கு நல்லாவோணும்னு கும்புட்டுட்டு ஒண்ண எடு கண்ணு."

குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு கும்பிட்டது. வலப்பக்கப் பொட்டலத்தைத் தொட்டது, யோசித்தது, இடப்பக்கத்தை எடுத்தது.

சிவப்பு.

பெருமூச்சு ஒன்று அந்த முற்றத்தைச் சுற்றி வந்தது. அதில் ஒளித்து வைக்க முடியாத மகிழ்ச்சி இருந்தது. "சாமியே சொல்லிருச்சு. பயப்படாத அம்மிணி, ஒண்ணும் ஆகாது" என்று அவள் தோளில் தட்டிவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். மிஷின்கள் ஓடத் தொடங்கின.

நாச்சிமுத்துவைத் தூக்கிவந்து வீட்டில் பாயில் கிடத்தினார்கள். வாணி பெருங்காயத் தண்ணீரை வாயில் ஊற்றினாள். அது கடைவாய் வழியாகக் கழுத்தில் வழிந்தது. வலக்கையைத் தூக்கி விட்டாள். ஈரத்துணிபோலத் தொப்பென்று விழுந்தது. அவன் இடக்கையால் குழந்தையின் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல முயன்றான். சொல்ல முடியவில்லை என்று தெரிந்தபோது அவன் கண்ணில் நீர் வந்தது.

"நான் தப்பான பூவ எடுத்துட்டனாம்மா?" என்றாள் மிதுனா.

மத்தியானச் சாப்பாட்டு நேரமும் கழிந்தது. வாணி எழுந்து மரத்தடிக்கு ஓடினாள். முற்றத்தில் யாரும் இல்லை, எல்லோரும் வேலையில் இருந்தார்கள். இன்னொரு முறை கேட்கலாமா என்று கருப்பராயனிடம் கேட்கத்தான் போனாள். காலடியில் அந்த மற்றொரு பொட்டலம் கிடந்தது. பிரிக்கக் கூடாதுதான். ஆனால் உள்ளே இருக்கும் வெள்ளைப் பூவை ஒரு தடவை பார்த்தால் போதும், அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. நாரை அவிழ்த்தாள்.

செவ்வரளி.

அவள் அப்படியே நின்றாள். முதலில் கோபம் வரவில்லை. நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு கல் இறங்கியது. சாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. சாமியிடம் யாரும் கேட்கவே இல்லை.

பொட்டலத்தைப் பழையபடி மடித்து, நாரைச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"அபயம். அஞ்ச வேண்டாம். என்ன நேர்ந்தது?" அது மனிதக் குரல் அல்ல. பாடப்புத்தகத்தை வாசிப்பதுபோல ஒரு கருவியின் குரல்.

"என்ற வீட்டுக்காரருக்குக் கையி உழுந்துபோச்சுங்க!"

"எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார்?"

"ஒசரமெல்லாம் இல்லீங்க. உக்காந்தாப்லயே உழுந்துபோச்சு. கையும் காலும்."

"அமர்ந்த நிலையில் விழுந்தார். இரத்தம் வருகிறதா?"

"இல்லீங்க."

"நன்று. தங்கள் அழைப்பு அவசரமற்ற வரிசையில் சேர்க்கப்படுகிறது."

"அய்யோ, ஆளு உழுகலீங்க! கையிதானுங்க உழுந்துபோச்சு!"

"கை உடலிலிருந்து துண்டிக்கப்பட்டதா?"

வாணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டின. கை விழுந்துவிட்டது என்றால் அசைவற்றுப் போயிற்று என்று அந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் புரியும். அபயத்துக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் கை விழுந்த வீட்டில் வாழ்ந்ததில்லை போலிருக்கிறது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "வாயி ஒரு பக்கமா இழுத்துருச்சு. பேசறாரு, பேச்சுக் கொழறுது. ஒரு கையத் தூக்க முடியறதில்ல."

"முதல் வரிசை. வண்டி புறப்படுகிறது. வாயில் அடைக்கப்படுகிறது."

தெருப்பக்கம் இரும்பு இரும்பில் இடித்த ஓசை கேட்டது. மிஷின்கள் மறுபடி நின்றன.

சென்னியப்பன் ஓடிப்போய்க் கதவை உலுக்கினார். அது அசையவில்லை. திரும்பியபோது அவர் முகம் வேறாக இருந்தது. "ஆரு கூப்புட்டது?"

"நாந்தானுங்க."

"சாமி செவப்புக் குடுத்துது! உன்ற புள்ளையே அவ கையால எடுத்துது!"

கூட்டத்தின் ஓரத்தில் துளசிமணி நின்றாள். வாணி அவளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால், பற்றி எரியும் இந்தக் கூட்டம் அப்படியே திரும்பி அடுத்த வீட்டுக் கூரையில் ஏறிக்கொள்ளும். வாணி பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"நாந்தானுங்க கூப்புட்டேன்" என்று மறுபடி சொன்னாள்.

"சாமிய விடப் பெரிய மனுசியாயிட்டா" என்றான் ராசு. யாரோ காறித் துப்பினார்கள்.

வண்டி வந்தபோது தூக்குவதற்கு ஒருவரும் கை கொடுக்கவில்லை. தலை முதல் கால் வரை மூடிய உடுப்பில் வந்த செவிலியர் ஒருவரும் வாணியும் சேர்ந்துதான் தூக்கினார்கள்.

"எப்பங்க ஆரம்பிச்சுது?" என்றார் அவர்.

"காலைல டீக்கு முன்னாடிங்க."

"இப்ப மத்தியானச் சாப்பாடே முடிஞ்சிருச்சே. இத்தனை நேரம் என்ன பண்ணீங்க?"

"பூக் கேட்டமுங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கேலி செய்கிறாளோ என்று நினைத்திருக்கலாம். பிறகு, பட்டையை இறுக்கிக்கொண்டே களைப்பாகப் பேசினார். "இது காய்ச்சலே இல்லம்மா, பக்கவாதம். மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. உடனே வந்தா கரைக்கறதுக்கு மருந்து இருக்கு. நேரம் ஆக ஆக மூளை செத்துட்டே வரும், அப்புறம் அந்த மருந்தக் குடுக்கவும் முடியாது. எங்க ஆஸ்பத்திரில பக்கவாத வார்டு காலியாக் கிடக்குது தெரியுங்களா? தாழ் போட்ட பிறகு இந்த நோயே குறைஞ்சு போச்சுன்னு மேல இருக்கவங்க வரைபடம் போட்டுக் காட்டறாங்க. குறையலைங்க. எல்லாம் வீட்டுக்குள்ள பாயில கிடக்குது."

"பொழைச்சுக்குவாருங்களா?"

"உயிருக்குப் பயமில்லைன்னு நினைக்கிறேன். கைய எனக்குச் சொல்லத் தெரியல."

வாணியை உடன் அழைத்துப் போக விதி இல்லை. கதவு ஒரு ஆள் அகலம் திறந்து, படுக்கையை விழுங்கிவிட்டு, மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை வாணி பிற்காலத்தில் யாரிடமும் விவரித்ததில்லை. குழாயில் அவள் குடத்துக்குக் கடைசி இடம் கொடுத்தார்கள். அவள் முறை வரும்போது சென்னியப்பன் மோட்டாரை நிறுத்துவார். மிதுனாவுக்கு, செவப்பெடுத்தவ என்று பெயர் வைத்துப் பிள்ளைகள் விளையாட்டில் சேர்க்கவில்லை. கப்பல் துணி வேறு கூடத்துக்குப் போயிற்று. மனிதர்கள் இருமலை விழுங்கிக்கொண்டு அலைந்தார்கள். தலையணையில் முகத்தைப் புதைத்து இருமினார்கள். யார் வீட்டிலாவது இருமல் வெடித்தால், தூணில் இருந்த காதைப் பார்த்துவிட்டு எல்லோரும் வாணியின் வீட்டைப் பார்த்தார்கள். நோய் அந்தக் காம்பவுண்டுக்குள் வரவே இல்லை. பகை மட்டும் வந்து எல்லா வீட்டிலும் படுத்துக்கொண்டது.

அவளை அதிகமாகத் திட்டியவள் துளசிமணிதான். காங்கேயத்தில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி போனில் வந்தது. பக்கத்தில் யாரும் இல்லாமல் பெற்றாள் என்ற செய்தியும் சேர்ந்து வந்தது. துளசிமணி முற்றத்தில் நின்று மண்ணை வாரி வாணியின் வீட்டுப் பக்கம் தூற்றினாள். "என்ற புள்ள அங்க தனியாக் கெடந்து துடிச்சாளே! நீ நல்லாருப்பியாடி!"

வாணி கதவைச் சாத்திக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள்.

அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் கனச் சுவர்தான். மறுநாள் மத்தியானம் துளசிமணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அப்பால் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"என்னாலதான அப்பாவுக்குக் கையி போச்சு? நான் மொதல்ல தொட்டத எடுத்திருந்தா வெள்ளை வந்திருக்குமல்ல?"

"நீ எத எடுத்திருந்தாலும் ஒண்ணுதான் கண்ணு" என்றது வாணியின் குரல். "ரெண்டுலயும் ஒரே பூத்தான் இருந்துச்சு. அம்மா பிரிச்சுப் பாத்தேன்."

"ஆரும்மா அப்படி வெச்சது?"

வாணி குழந்தையின் மூக்கைச் சிந்திவிடும் சத்தம் கேட்டது.

"அது சாமிக்குத் தெரியும். நாம வெளிய சொல்லக் கூடாது. சொன்னா அவியள எல்லாருஞ் சேந்து அழ வெப்பாங்க. நாம அழுகறது பத்தாதா?"

துளசிமணியின் கையில் முறம் அப்படியே நின்றது. அரிசியும் உமியும் பிரியாமல் கிடந்தன.

அன்றிலிருந்து அவள் திட்டவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று வாணியின் வாசற்படி வரை போவாள், ஏதாவது ஒரு வேலையை நினைத்துக்கொண்டதுபோலத் திரும்பிவிடுவாள். நமக்குத் தீங்கு செய்தவரின் முகத்தைப் பார்த்துவிடலாம். நாம் தீங்கு செய்தும் நம்மைக் காட்டிக்கொடுக்காதவரின் முகத்தைப் பார்ப்பது அவ்வளவு எளிதல்ல.

ஒருவழியாகத் தாழ் ஏறியது. நாச்சிமுத்து திரும்பி வந்தான். பேச்சு கொஞ்சம் வந்திருந்தது. வலக்கை வரவில்லை. வெட்டு மேசைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அவன் இடக்கையால் நூல் பிசிறு வெட்டப் பழகினான். "சாமி வாக்க மீறுனா இப்படித்தான்" என்று அவன் காதுபடவே பேசினார்கள். சென்னியப்பன் புதிய கட்டுப்பாடு போட்டார்: வேலை நேரத்தில் எல்லோருடைய போனும் அவர் பீரோவில் இருக்க வேண்டும், பூ கேட்காமல் கூப்பிடுகிறவர்கள் அன்றே வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

வெளியூர் போவதற்கு அப்போது அனுமதிச் சீட்டு வேண்டும். துளசிமணி முன்பு வாங்கி வைத்திருந்தது தாழ் விழுந்தபோதே வீணாகியிருந்தது. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு அவளுக்குக் காங்கேயம் போகப் புதிய சீட்டு கிடைத்தது. "அம்மா, பாப்பா குப்புற உழுந்துட்டாம்மா! நீ வந்து பாக்கறதுக்குள்ள நடந்தே போயிருவா போ" என்று மகள் போனில் சிரித்துக்கொண்டே அழுதிருந்தாள். பையில் சின்னச் சட்டையும் வசம்பும் கருவளையலும் வைத்தாயிற்று. பேருந்து மறுநாள் காலை.

அன்று முற்பகலில், பின்கட்டு அறையில் தங்கியிருந்த ஒடிசாக்காரப் பெண் மமதா செக்கிங் மேசையில் சாய்ந்தாள். சிறு வயது. கணவன் அவினாசிப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. வாரம் ஒரு முறை வருவான். அவள் இடக்கை மேசையிலிருந்து வழுக்கித் தொங்கியது. கண் ஒரு பக்கமே பார்த்தது. ஏதோ சொன்னாள்.

வாணி பாய்ந்து வந்து தாங்கிக்கொண்டாள். "அதேதானுங்க! வாயப் பாருங்க, பேச்சுக் கொழறுது!"

"அவ பேசறதே நமக்குப் புரியாது. இதுல கொழறறத எங்க கண்ட?" என்றான் ராசு.

"போனக் குடுங்கண்ணா. கும்புட்டுக் கேக்கறேன்."

"நீ பேசாத" என்றார் சென்னியப்பன். "உனக்கு இந்தக் காம்பவுண்டுல இனி வாயே கெடையாது. டேய், ரெண்டு பேரு புடிங்க. ரோட்டோரம் நெழல்ல படுக்க வெச்சுருவோம். போறவங்க வாறவங்க பாத்துக் கூப்புட்டுக்கட்டும்."

"முகவரி இல்லாம ரோட்டுல கெடக்கறவங்களுக்கு அபயம் வராதுங்கண்ணா! அது தெரிஞ்சுதான சொல்றீங்க?"

தெரிந்துதான் சொன்னார். இரண்டு பேர் குனிந்து மமதாவின் கால்களைப் பிடித்தார்கள்.

"உடுங்க அவள" என்றது ஒரு குரல்.

துளசிமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "கட்டுப்பாடுன்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான். பூக் கேக்காம ஆரும் ஒண்ணும் பண்ணக் கூடாது."

"வடக்கத்திக்காரிக்குப் பூவா?" என்று ராசு சிரித்தான்.

"கருப்பராயனுக்கு வடக்கென்ன தெக்கென்ன? இப்பத் தூக்கி வெளிய போட்டுட்டு நாளைக்குச் சாமி குத்தம்னு அழுகறதுக்கா? செவப்பு வரட்டும், அப்பறம் நீங்க சொன்னபடியே பண்ணிக்கலாம்."

வாணி துளசிமணியைப் பார்த்தாள். துளசிமணி அவளைப் பார்க்கவில்லை.

சென்னியப்பன் கொஞ்சம் யோசித்தார். அவர் முகம் தெளிந்தது. "செரி. அதுவும் நல்லதுதான். ஆரும் நம்மளக் குத்தஞ் சொல்ல முடியாது. பாத்து மடிச்சுட்டு வா, துளசி."

"வாறனுங்க" என்றாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது வாசலோரம் இருந்த பை காலில் இடறியது. அதைச் சுவரோரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். தாழ் விழுந்தால் எப்போது ஏறும் என்று யாருக்கும் தெரியாது. இந்தச் சீட்டு நாளையோடு செல்லாது. குழந்தை எழுந்து நடக்கப் பழகிவிடும். இவற்றையெல்லாம் அவள் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். யோசித்தாள். செவ்வரளிச் செடிக்கு முன்னால் நின்றுகூட யோசித்தாள்.

முற்றத்தில் வாணி எதையோ கத்திக்கொண்டிருந்தது இங்கே வரை கேட்டது. துளசிமணி வேலியோரம் நின்ற வெள்ளை அரளியிடம் போனாள். ஒரு கைப்பிடி பறித்தாள். வாழையிலையை இரண்டாகக் கிழித்தாள். ஒன்றில் பாதிப் பூவை வைத்து மடித்தாள். மற்றதில் மீதிப் பூவை வைத்து மடித்தாள். எது எது என்று அவளுக்கே தெரியாதபடி இரண்டையும் ஒரே மாதிரி நார் சுற்றி இறுக்கினாள்.

கீழே சிந்திய ஒரு வெள்ளை இதழைக் காலால் மண்ணுக்குள் தள்ளி மூடினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, கூட்டத்தை நோக்கி நடந்தாள்.